எலும்பில்லாதவர்கள்

தபாலில் வந்தார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை,
ஈரத் தேங்காய் நாரில் சுருண்டு, துணிப்பைக்குள்.
அரைக் கிலோ என்று எழுதியிருந்தது.
‘உயிருள்ளவை, உடனே திறக்கவும்’ என்ற சீட்டைப் படித்துவிட்டுத்
தபால்காரப் பெண் பையை நீட்டினாள்,
விரல்நுனியால்,
கை எட்டும் மட்டும் தள்ளி.

ஸ்டோக் நகரத்து லாங்டனில் எங்கள் கொல்லை
பதினோரடி அகலம், இருபதடி நீளம்.
ஒரு காலத்தில் இந்த ஊரே கோப்பை சுட்டது.
உடைந்ததையெல்லாம் அங்கங்கே புதைத்தும் வைத்தது.
மண்வெட்டி இறங்கும் இடமெல்லாம்
கிணுக்.
நீலப்பூ போட்ட தட்டின் விளிம்பு,
மூக்கில்லாத தேநீர்க் கூஜா,
பிடி மட்டும், கோப்பை இல்லாமல்.
களிமண்ணோ வனைவதற்குத் தோது,
வேருக்கு அல்ல.
போன வருடம் விதைத்த வெந்தயம்
மூன்று இலை காட்டிவிட்டு யோசித்தது,
பிறகு வேண்டாமென்று விட்டது.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
நாளெல்லாம் எலும்பு.
வழுக்கிய இடுப்பு, கால்பந்து மணிக்கட்டு,
படியை எண்ணத் தவறிய கணுக்கால்.
“மூச்சை இழுங்கள். பிடியுங்கள்.
இப்போது விடலாம்.”
ஒரு நாளைக்கு அறுபது தடவை.
வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால்
எலும்பே இல்லாத ஓர் ஊர்.
படமெடுக்க ஒன்றுமில்லை.
குனிந்து நின்று
நானும் மூச்சை விட்டேன்.

எதைத் தின்பார்கள் என்று கற்றுக்கொண்டேன்,
தப்புத் தப்பாக.
சுரைக்காய்த் தோல் ஒரு வாரம் தாங்காது.
டீத்தூள் என்றால் கூட்டம் கூடும்.
எலுமிச்சை ஊறுகாயின் அடிமண்டியைக் கொட்டிய அன்று
அத்தனை பேரும் சுவரேறி
மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
இவர்களிடம் செல்லாது.
கறிவேப்பிலை ஈர்க்கைத் தொடவேயில்லை;
நாமும் தட்டோரம் ஒதுக்குகிறவர்கள்தானே.
மின்கட்டணக் கடிதங்களைக் கிழித்துப் போட்டேன்,
கடைசி நினைவூட்டலையும், அதன் சிவப்பெழுத்தோடு.
கட்டியது நான்.
தீர்த்தது அவர்கள்.

சேந்தனுக்கு அருவருப்பு.
“இத்தனை பேரைக் குடிவைத்து
வாடகைகூட வாங்கத் தெரியவில்லையே உனக்கு”
என்பான், சமையலறை ஜன்னலுக்கு
அந்தப் பக்கமே நின்று.

ஜனவரியில் ஓர் இரவுப்பணி.
சறுக்கி விழுந்தவர்கள் விடியும்வரை வந்துகொண்டே இருந்தார்கள்.
காலை ஏழு மணிக்கு மைனஸ் எட்டு.
பேருந்தில் எனக்கு நினைப்பெல்லாம் தொட்டி.
பையைக்கூட இறக்காமல் கொல்லைக்கு ஓடினேன்.

தொட்டி இல்லை.
அது இருந்த இடத்தில்
பனி விழாத ஒரு சதுரம்.

குளியலறையில் இருந்தது,
தொட்டிக்குள் தொட்டியாக,
என் தேங்காய்ப்பூத் துவாலையைப் போர்த்திக்கொண்டு.
குளிக்காமலே வேலைக்குப் போயிருக்கிறான்.
சாயங்காலம் கேட்டேன்.
“ரசத்துக்கு மிளகு போதுமா பார்”
என்றான்.

ஏப்ரலில் அடித்தட்டை உருவினேன்.
கறுப்பாய், உதிரியாய், கையில் ஒட்டாமல்
நாங்கூழ் மண்.
இதில் எது சுரைக்காய், எது கட்டணக் கடிதம்
யாராலும் சொல்ல முடியாது.
தப்பி உள்ளே கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கி
மேல்தட்டில் விட்டேன்.
களிமண்ணைக் கிளறி, கைப்பிடி கைப்பிடியாகக் கலந்தேன்.
ஓடுகளை எடுக்கவில்லை;
எடுத்து மாளாது.

வெந்தயம் இந்த முறை யோசிக்கவில்லை.
பீன்ஸ் வேலியைத் தாண்டி
அடுத்த வீட்டுத் துணிக்கொடியைப் பிடித்தது.
செப்டம்பரில் கேரட்.
பிடுங்கிய கடைசிக் கிழங்கு
இரண்டு காலோடு வந்தது,
நடுவில் இறுகக் கவ்வியபடி
நீலப்பூ போட்ட ஓட்டுத் துண்டு.
குழாயில் காட்டி மண்ணைக் கழுவினேன்.
பழக்கதோஷம்,
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
நிதானமாகப் பார்த்தேன்.

முறிவு ஏதுமில்லை.